வெள்ளைக்கரு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். தள்ளி உட்கார்ந்தால் காதில் விழாது, விழுந்தாலும் வேறு ஒன்றாக விழும். இந்தக் கதையில் நடந்ததே அதுதான். சண்முகக்கனி என்று ஒருத்தி, புரோட்டா மாஸ்டர் அருஞ்சுனையின் பெண்டாட்டி, ஆஸ்பத்திரி மாடியில் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷின் அறைக்கு வெளியே, சுவரோடு முடுக்கி வைத்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சோற்று நேரம் முடிந்து, டீக்காரர் இன்னும் மாடி ஏறி வராத மத்தியானம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் கட்டிலாக ஆட்கள் படுத்திருக்க, ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் அருஞ்சுனை. அவர் கையிலிருந்து ஒரு குழாய் சிவப்பாகப் போய் மெஷினுக்குள் சுற்றி இன்னொரு குழாயில் சிவப்பாகவே திரும்பி வந்தது. போகிற சிவப்புக்கும் வருகிற சிவப்புக்கும் ஒரு வித்தியாசமும் கனிக்குத் தெரியவில்லை, எத்தனையோ தடவை உற்றுப் பார்த்துவிட்டாள். காலையில் ஊசி குத்தும்போதே நர்ஸ் ஜெபராணி ஒரு சின்னக் குப்பியில் ரத்தம் பிடித்துக் கீழே அனுப்பிவிட்டாள். ரிசல்ட்டு வந்துரும்க்கா என்று சொல்லிவிட்டுப் போனாள், ஏதோ விருந்தாளி வந்துவிடுவார் என்பதைப் போல. வரப்போகிற விருந்தாளியின் பெயர் அல்புமின். ரத்தத்தில் இருக்கிற புரதமாம் அது. போன தடவை குறைந்திருந்தது, அதற்கு முந்தின தடவையும் குறைந்திருந்தது. இந்தத் தடவையும் இறங்கியிருந்தால் இந்த உடம்பை வைத்துக்கொண்டு மெஷின் ஓட்டுவது கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தினமும் முட்டை வெள்ளைக்கரு குடுங்கம்மா, ஏறிரும் என்றும் சொல்லியிருந்தார். குடுக்கேன் டாக்டர் என்று கனி தலையை ஆட்டியிருந்தாள். ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. முட்டையை வேகவைப்பாள், உரிப்பாள், மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையைக் கிண்ணத்தில் வைப்பாள், கிண்ணத்தோடு அவர் படுத்திருக்கிற இடம் வரைக்கும் போவாள். அங்கிருந்து கால் திரும்பிவிடும். பின்வாசலில் செவலை நாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அந்த நாய்க்கு இப்போது உடம்பு மினுமினுவென்று ஆகிவிட்டது. அவரிடம் இறங்கினதெல்லாம் நாய் மேல் ஏறி நிற்கிறது, தடவிப் பார்த்தால் தெரியும்.

எல்லாம் ஒரே ஒரு சொல்லில் வந்தது. அது ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டு திரிந்த நோய்க்காலம். அருஞ்சுனைக்குக் கால் வீங்குகிறதென்று தெருமுனை டாக்டரிடம் போயிருந்தார்கள். டாக்டர் முகத்தில் முகமூடி, முகமூடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தகடு, தலைக்கு மேல் கடகடவென்று ஒரு ஃபேன், இவர்களுக்குத் தள்ளிப் போட்ட ஸ்டூல். அத்தனைக்கும் உள்ளேயிருந்து அவர் சொன்னது இவ்வளவுதான், ஒண்ணுக்கில் புரோட்டீன் போகிறது, சாப்பாட்டில் புரோட்டீனைக் குறையுங்கள். சொன்னது அது. கேட்டது வேறு. கேட்ட காதெல்லாம் புரோட்டாக் கடைக் காது. காலையில் மாவு, சாயங்காலம் கல், வீட்டுக்கு வந்தால் சட்டையில் எண்ணெய் வாடை, தூக்கத்தில்கூடக் கை மெத்தையைத் தட்டும். புரோட்டாவைக் குறையுங்கள் என்றுதான் விழுந்தது. கனிக்கும் அப்படியே விழுந்தது, அவருக்கும் அப்படியே விழுந்தது. ஒருத்தருக்காவது சரியாக விழுந்திருக்கக் கூடாதா. ஒரு வாத்தியார் வீட்டில், ஒரு தையல்காரர் வீட்டில் அந்தச் சொல் விழுந்திருந்தால், என்னது டாக்டர் என்று திரும்பக் கேட்டிருப்பார்கள். இவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை, தெரிந்த சொல்லாயிற்றே. வெளியே வந்ததும் அருஞ்சுனை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். ஊரே தின்னுட்டு நல்லா இருக்கு, போட்டவனுக்குத்தான் ஆகல பாத்தியா என்றார். அன்றைக்கு விட்டதுதான். மலைக்கு மாலை போட்டவர் மாதிரி விட்டார். கல்லில் பிய்ந்த துணுக்கைக்கூட வாயில் போடவில்லை. கடையில் சாப்பிட வருகிறவர்கள் வம்பிழுத்தார்கள், மாஸ்டரே திங்க மாட்டேங்காரு, அப்ப மாவுல என்னத்தையோ கலக்காரு டோய் என்று. கடை முதலாளி பயந்துபோய், ஆள் இருக்கும்போது ஒரு வாய் தின்னு காட்டும்வே என்று கெஞ்சியிருக்கிறார். மாட்டேன்னுட்டார். டாக்டர் சொல்லு, தட்டக் கூடாது. அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. கனிக்கு அதைவிடப் பெருமை, இத்தனை கட்டுப்பாடான ஆள் யாருக்கு வாய்க்கும் என்று.

பெருமை மட்டும் இருந்திருந்தால் போயிருக்கும், பாவமும் சேர்ந்துகொண்டது. நெருப்பு முன்னால் நின்று மாவை அடித்து அடித்து வீசுகிற ஆள், இருந்த ஒரே தீனியையும் விட்டுவிட்டாரே, வயிறு காய்ந்தால் கை ஓடுமா. அதனால் முட்டை. காலையில் முட்டை, சாயங்காலம் கடைக்குக் கிளம்பும்போது முட்டை. நாட்டுக்கோழி அடித்துச் சாறு, ஆட்டுக்கால், ஊறவைத்த கொண்டைக்கடலை, பருப்பைக் கடைந்து கட்டியாக. கறி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காயைச் சீவிப் போட்டு, பஞ்சு பஞ்சாக வேகவைத்து ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்ற நாளிலும் கொடுத்தாள். புரோட்டாதானே கூடாது. ஒரு நாள் கொல்லையில் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, கனி, நுரை நிக்குது பாரு, ஆம்லெட்டுக்கு அடிச்சு வச்ச மாதிரி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. முட்டை வெள்ளைக்குள் இருக்கிற அதே சாமான்தான் அங்கேயும் போய்க்கொண்டிருந்தது. இவளுக்கு என்ன தோன்றியது, ஐயோ உடம்பிலிருக்கிற சத்தெல்லாம் நுரையாகப் போகிறதே, போகிறதற்கு மேல் ஊற்ற வேண்டாமா. ஊற்றினாள். ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற மாதிரி என்றால்கூடப் பரவாயில்லை, ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிப் பெரிதாக்கினாள். இதை நினைக்கிறபோதெல்லாம் அவளுக்குக் கறி வேகிற மணம் மூக்கில் வரும். இப்போதும் வந்தது. ஆஸ்பத்திரி மாடியில், ஸ்பிரிட்டும் பினாயிலும் மணக்கிற இடத்தில், அவள் வைத்த கோழிச்சாறு மணத்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். முந்தானைக்குள்ளும் அதுதான் இருந்தது.

இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டார். சின்ன வயசு, மகள் மாதிரி இருப்பார். பிள்ளை இல்லாத வீடு இவர்களுடையது, அதனால் அந்தம்மாவைப் பார்த்ததும் ஒரு ஒட்டுதல். அருஞ்சுனை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார், புரோட்டாவைத் தொடுறதே இல்லம்மா, முட்டையும் கறியும்தான் உள்ள தள்ளுதேன் என்று. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடினார். திட்டியிருந்தால் கனிக்கு நல்லதாகப் போயிருக்கும். திட்டவில்லை. புரோட்டா இல்லங்க, புரோட்டீன் என்றார், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. கனிக்கு அந்த அறையின் டியூப்லைட் சத்தம் கேட்டது. அருஞ்சுனைதான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். அதற்கப்புறம் அருஞ்சுனை அதைக் கடையில் சொல்லி, தெருவில் சொல்லி, இங்கே பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லி, இப்போது அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. சொல்கிறபோதெல்லாம் நாங்க ரெண்டு செவிடும் என்றுதான் சொல்வார். ஒரு தடவைகூட ஆக்கிப் போட்டது இவள் என்று சொன்னதில்லை. அதுதான் கனிக்கு முள். அன்றைக்கு அவள் மட்டும் திரும்ப உள்ளே போய்க் கேட்டாள், நான் குடுத்ததாலயா கிட்னி போச்சு டாக்டர் என்று. அப்படி இல்லம்மா, போக வேண்டியதுதான், கொஞ்சம் சீக்கிரம் போயிருச்சு என்றார் அவர். கொஞ்சம். கொஞ்சம் என்றால் எவ்வளவு. ஒரு பொங்கலா, ஒரு கோயில் கொடைத் திருவிழாவா. ஒரு சிட்டிகை மஞ்சளும் கொஞ்சம்தான், வாளியின் அடியில் கிடக்கிற தண்ணீரும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் கையில் கொடுங்கள், நான் பார்க்கிறேன் என்று யாரிடம் கேட்பது.

அப்படி என்னதாம்மா அது புரோட்டீன் என்று இன்னொரு நாள் அருஞ்சுனை கேட்டதற்கு, டாக்டரம்மா ஓய்வாக உட்கார்ந்து சொன்னார். மணி கோத்த மாதிரி ஒரு நீள நூல். கோத்து முடிந்ததும் தானாகவே மடிந்து, சுருண்டு, ஒரு உருவத்துக்கு வந்து நின்றுவிடும். எப்படி மடிந்ததோ அதுதான் அதன் வேலை. மூச்சுக்காற்றை ரத்தத்தில் தூக்கிக்கொண்டு திரிகிறது ஒரு மடிப்பு. தின்ற சோற்றை அறுக்கிறது ஒரு மடிப்பு. நோய் வந்தால் பிடிக்கிறது, முடியாக வளர்கிறது, நகமாக நிற்கிறது, கையை மடக்கி நீட்டுகிறது, எல்லாமே அந்த நூல்தான். அருஞ்சுனை கேட்டுவிட்டுச் சொன்னார், வீசி மடிச்சுச் சுத்தி வைக்கிறது நம்ம தொழிலுல்லா, அப்ப ஆண்டவனும் மாஸ்டருதான். அது மட்டுமில்லை, மைதா மாவு அறுந்துபோகாமல் இழுபடுதே, அந்தப் பசையும் புரோட்டீன்தான் என்று டாக்டரம்மா சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்ப நாங்க கேட்டது தப்பே இல்ல, புரோட்டாவும் புரோட்டீன்தான் என்று ஜெயித்த மாதிரி சொன்னார். கனி சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு ஒன்று கேட்க வேண்டியிருந்தது, மடிப்பு குலைஞ்சா என்ன ஆகும்னு. கேட்காமலே டாக்டரம்மா சொன்னார், சூடு பட்டாலோ புளிப்பு பட்டாலோ மடிப்பு பிரிந்துவிடும், பிரிந்த நூலெல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், முட்டை வேகிறதே அதுதான், வெந்த முட்டை திரும்பப் பச்சையாகாது. இது கனிக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரியும். திரிந்த பால் பாலாகாது, வெந்தது வேகாததாகாது.  அன்றிலிருந்து அவளுக்குத் தலை சீவப் பயம். சீப்பில் ஒரு முடி வந்தால், இது எந்த முட்டையில் வந்தது, இவருக்குக் கொடுத்ததில் மிஞ்சினதா, நான் தின்றதா என்று யோசிப்பாள். நகத்தை வெட்டிக் கூரையில் போடும்போதும் அதே யோசனை. தன் கையைத் தானே பார்த்தாள் இப்போது. தோல், ரோமம், புறங்கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு. எல்லாம் மடித்து வைத்த நூல். இந்த நூலில் கொஞ்சம் அவருக்குக் கொடுக்கலாமே என்று ஒரு சிறுநீரகம் தரவும் முன்வந்து பார்த்தாள். சோதித்துவிட்டு, உங்க உடம்பு அடையாளம் வேற, அவர் உடம்பு அடையாளம் வேற, வச்சாலும் அவர் உடம்பு ஏத்துக்காது என்றார்கள். அந்த அடையாளமும் புரோட்டீன்தானாம். ஒரே பானைச் சோற்றைத்தானே இத்தனை காலம் ரெண்டு பேரும் தின்றோம், அடையாளம் எப்படி வேறாகும். அவர் வியர்வைத் துணியை நான் தோய்க்கிறேன், என் கைப்பக்குவம் அவர் ரத்தத்தில் ஓடுகிறது, ஓடித்தான் இப்படி ஆயிற்று, அப்புறமும் வேறா.

"என்ன புள்ள, சுவரு விழுந்திரும்னு முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கியா?"

மைமூன் அக்காதான். அவர் கட்டின மாப்பிள்ளையும் உள்ளே படுத்திருக்கிறார், இரண்டு கட்டில் தள்ளி. இந்த நாற்காலிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகினவர்கள். மைமூன் பக்கத்தில் உட்கார்ந்ததும் நாற்காலி வரிசை முழுக்க ஒரு ஆட்டம் ஆடியது. அவரே அதற்கும் ஒன்று சொன்னார், வெள்ளை பூரா அவருக்குப் போகுது, மஞ்சளைக் கீழ போட மனசு வருமா, நான் தின்னுதேன், இப்ப வியாதிக்காரன் பெண்டாட்டி மாதிரியா இருக்கேன், ஹோட்டல்காரன் பெண்டாட்டி மாதிரி இருக்கேன். கனி உதட்டை இழுத்துச் சிரித்தாள். நீ மஞ்சளை என்ன செய்வே என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தாள். கேட்கவில்லை. மைமூன் பேச்சு எங்கெங்கோ போனது, கொழுந்தன் வீட்டுக் கல்யாணம், பஸ்ஸில் ஒருத்தி இடம் கொடுக்காதது, டீக்காரர் இன்றைக்கும் ஆறின டீதான் கொண்டுவருவார் என்பது. கனியின் காது பேச்சில் இல்லை. அது கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குரல் உண்டு. அவருடையது கொஞ்சம் மூக்கடைத்த குரலில் பீப் என்னும். இப்போதெல்லாம் அது அடிக்கடி கத்துகிறது. பிரஷர் இறங்கினால் கத்தும். ரத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்க அல்புமின் இல்லையாம், தண்ணீர் ரத்தத்தை விட்டுக் கசிந்து காலில் இறங்கிவிடுகிறதாம். கெண்டைக்காலில் விரலை வைத்து அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். ஊறின மாவு உருண்டையை அமுக்கினால்கூட மெதுவாக மேலே எழும்பி வரும். கால் எழும்பவில்லை. கால் அப்படி வீங்க, கை இப்படி வற்ற. அந்தக் கை ஒரு காலத்தில் மாவை வீசினால் பந்தலில் துணி விரித்த மாதிரி காற்றில் விரியும். உள்ளுக்குச் சாப்பாடு போகாவிட்டால் உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னும் என்று ஜெபராணி சொன்னாள். பப்பாளிக்காய் போட்ட கறியாக அந்தக் கை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது. தின்னக் கொடுத்தாலும் போகிறது, கொடுக்காவிட்டாலும் போகிறது. எந்தப் பக்கம் நின்றாலும் கொலைதான்.

மெஷின் ஏற ஆரம்பித்த பிறகு சொல்லை மாற்றிவிட்டார்களே, அங்கேதான் அவள் புத்தி கலங்கியது. முன்பு குறையுங்கள் என்றார்கள், அதைத் தப்பாகக் கேட்டோம். கேட்டது தப்பு என்று தெரிந்து, முட்டை கறி பருப்பு எல்லாவற்றையும் வீட்டுக்குள் வராமல் நிறுத்தி, கஞ்சியும் கத்தரிக்காயுமாகப் பழகினபோது, இனிமேல் நிறையக் கொடுங்கள் என்கிறார்கள். சிறுநீரகம் வேலை செய்தவரைக்கும் அது பாரம், இனிமேல் அதுதான் பலம், மெஷினும் கொஞ்சம் எடுத்துவிடுகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். கனி அவர் வாயையே பார்த்தாள். முகமூடி இல்லை, உதடு தெரிந்தது, உதடு குடுங்க என்றுதான் அசைந்தது. ஜெபராணியிடம் கேட்டாள், குடுங்க. மைமூனிடம் கேட்டாள், குடு புள்ள. எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். ஆனால் வீட்டில், உரித்த முட்டை விரலுக்கு நடுவில் வழவழவென்று இருக்கும்போது, காதுக்குள் வேறு யாரோ சொல்வார்கள், அன்றைக்கும் இப்படித்தானே இரண்டு பேருக்கும் ஒன்றுபோலக் கேட்டது என்று. அந்தச் சொல்லுக்கு மேல் அவளால் ஒரு எட்டு வைக்க முடியவில்லை. நாளைக்குக் கொடுப்போம், நாளைக்குக் கொடுப்போம் என்று நாயை வளர்த்தாள். சரி, நான் கொடுக்கவில்லை. அவர் ஏன் கேட்கவில்லை. இதுதான் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிற இடம், எந்த வழியில் போனாலும் நினைப்பு இங்கே வந்து தட்டும். டாக்டரம்மா சொன்னபோது கட்டிலில் படுத்திருந்தார், கண் திறந்திருந்தது, கேட்டார். வெள்ளைக்கரு தின்னா பிழைப்பீங்க என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து கஞ்சியை வைத்தால் கஞ்சியைக் குடிக்கிறார். முட்டை எங்கடி என்று ஒரு வார்த்தை இல்லை. மணம் தெரியாத ஆளா, அடுப்பில் முட்டை வேகிறது தெரியாதா. என்மேல் பயமா, இவள் கையால் இனி ஒன்றும் வேண்டாம் என்றா. இல்லை, நான் பயப்படுகிறேன் என்று தெரிந்து விட்டுக்கொடுக்கிறாரா. இல்லை, போதும் என்று தீர்மானம் பண்ணிவிட்டாரா. மூன்றில் எதுவாக இருந்தாலும் தாங்காது. கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வருமே. இன்றைக்கு ரிசல்ட்டு வந்தவுடன் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட வேண்டும், நான் கொடுக்கவே இல்லை, கட்டிலில் போட்டு ஊசியில் ஏற்றுங்கள் என்று. அவர் எதிரில் சொல்ல முடியுமா. முதலில் கொடுத்துக் கெடுத்தேன், அப்புறம் கொடுக்காமல் கெடுத்தேன் என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா.

மைமூன் முழங்கையால் இடித்தபோதுதான் ஜெபராணி கதவைத் திறந்து நிற்பது தெரிந்தது. அக்கா, உள்ள வாங்க, டாக்டர் கூப்பிடுறாங்க என்றாள். அவள் கையில் காகிதம் இல்லை. முகத்திலேயே இருந்தது. கனி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள், ஏசி காற்று காதை அடைத்தது. மெஷினைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். அந்த மூக்கடைத்த குரல் இல்லை. டாக்டரம்மா கட்டில் கால்மாட்டில் நின்று, அல்புமின் இறங்கிவிட்டது, ரொம்பவே இறங்கிவிட்டது, பிரஷர் நிற்க மாட்டேன் என்கிறது என்று சொன்னார். இப்படியே போனால் அடுத்த தடவை மெஷினில் போட முடியாது என்றார்.  அருஞ்சுனை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். டாக்டரம்மா திரும்பி, தினமும் முட்டை கொடுக்கிறீங்கதானேம்மா, உண்மையைச் சொல்லுங்க என்றார். கனி வாயைத் திறந்தாள். 

"அவ குடுக்கா தாயி. வேளாவேளைக்குக் குடுக்கா. நான்தான் அவ அங்கிட்டுப் போனதும் நாய்க்குப் போட்டுருதேன்."

அருஞ்சுனை அதைச் சொன்னபோது டாக்டரம்மாவைத்தான் பார்த்தார், கனியைப் பார்க்கவில்லை. நாய்க்கு என்றார். எந்த நாய்க்கு என்று இந்த அறையில் அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும். அப்படியானால் பார்த்திருக்கிறார். படுத்த இடத்திலிருந்து பின்வாசல் தெரியாதே, எழுந்து வந்து பார்த்தாரா, அந்தக் காலை இழுத்துக்கொண்டா, சுவரைப் பிடித்துக்கொண்டா, பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டு கஞ்சிக்குக் காத்திருந்தாரா. டாக்டரம்மா அவரைக் கடிந்துகொண்டார், உங்க வீட்டம்மா பாடுபட்டுக் கொடுக்கிறதை இப்படிச் செய்யலாமா, நீங்க விவரமான ஆளுன்னு நினைச்சேனே என்றார். விவரம் இருக்கப்போயித்தான தாயி என்று அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார், சிரிப்பு இருமலாகப் போயிற்று. போகும்போது டாக்டரம்மா கனியைத் தனியாக அழைத்து, இனிமே சாப்பிட்டாலும் ஏறுமான்னு தெரியலம்மா, இருந்தாலும் குடுங்க என்றார். இந்தத் தடவை அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் சரியாகக் கேட்டது. ஏறுமா என்பதும் கேட்டது, தெரியலை என்பதும் கேட்டது. கேட்காமல் போயிருக்கலாம்.

கனி வெளியே வந்ததும் மைமூன் தன் டப்பாவைத் திறந்து, மாப்பிள்ளைக்கு வைத்திருந்ததில் ஒரு முட்டையின் வெள்ளையை, மஞ்சள் எடுத்த பள்ளத்தோடு, மூடியில் வைத்து நீட்டினார். கொண்டு போ, இப்பவே குடு என்றார். கனி வாங்கிக்கொண்டு கட்டிலருகே போய் நின்றாள். கால் திரும்பப் பார்த்தது, விடவில்லை. ஜெபராணி அவர் கையில் ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து அமுக்கிப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். ஏங்க என்றாள். உம் என்றார். வாயைத் தொறங்க என்றாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார், மாவுப் பதத்தைப் பார்க்கிற பார்வை அது, தொட்டுப் பார்க்காமலே இது தாங்கும் இது தாங்காது என்று சொல்கிற பார்வை. திறந்தார். உதடு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. வெள்ளையைப் பிய்த்துச் சின்னத் துண்டாக உள்ளே வைத்தாள், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. விரலில் அவர் பல் பட்டது. தாடை அசைந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முட்டையை மெல்லுகிற சத்தம் அவளுக்குத் தெரியும், ஈரமாக, மெத்தென்று இருக்கும். இது பல்லோடு பல் படுகிற சத்தம். ஏதோ ஒழுகின மாதிரி இருக்க முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்தாள், துடைத்த கை கன்னத்தில் பட்டது, கன்னத்துக்குள் அத்தனையும் கட்டியாக, வழுக்கிக்கொண்டு, ஒதுங்கி இருந்தது. கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். அருஞ்சுனை மற்றப் பக்கத்துக் கடைவாயில் ஒன்றுமில்லாததை நன்றாக மென்றார். தொண்டை முடிச்சு ஒரு தடவை மேலே ஏறி இறங்கும்படி எச்சிலை விழுங்கினார். பிறகு, கடையில் சால்னாவை ருசி பார்த்துவிட்டுக் குறை சொல்வாரே, அதே தினுசில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "உப்பு பத்தல கனி" என்றார்.